மடக்குக் கேரியர் உருவாகும் பட்டறை

காரின் பின்பக்கம், பம்பருக்குக் கீழே இருக்கும் சதுர வாயில் தண்டைச் செருகி நிறுத்தும் சரக்குத் தட்டுக்கு ஹிட்ச் கேரியர் என்று பெயர். டிரெய்லர் இழுப்பதற்காக வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கிய எஃகுக் குறுக்குச் சட்டமே ஹிட்ச். அதன் நடுவில் இருக்கும் வாயை ரிசீவர் என்பார்கள். அமெரிக்காவில் சிறிய கார்களுக்கு ஒன்றேகால் அங்குலம், எஸ்யூவி, பிக்கப் வகைகளுக்கு 2 அங்குலம், அவற்றிலும் பெரிய வண்டிகளுக்கு இரண்டரை அங்குலம் என்று இந்த வாயின் அளவுகள் நிலைபெற்றுவிட்டன. எந்த ஊரில் செய்த கேரியரும் எந்தக் கம்பெனி வண்டியிலும் பொருந்துவது இந்த ஒழுங்கினால்தான். தண்டை உள்ளே தள்ளி, குறுக்குத் துளையில் ஓர் எஃகு ஆணியைப் போட்டுக் கொக்கி மாட்டினால் போதும். 2 அங்குல வாய்க்கு அந்த ஆணியின் கனம் 5/8 அங்குலம், ஏறத்தாழ 16 மி.மீ. மாட்டு வண்டிச் சக்கரம் கழன்று போகாமல் கடையாணி காப்பதைப் போலத் தண்டு உருவிக்கொண்டு வராமல் காப்பது இந்த ஒற்றை ஆணி.

வழக்கமான தட்டு 60 அங்குல நீளமும் 20 அங்குல அகலமும் கொண்டது. சுமார் ஐந்தடிக்கு ஒன்றேமுக்கால் அடி. கூடாரம், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி என்று காருக்குள் அடங்காததெல்லாம் அதில் ஏறும். சரக்கு இறங்கிய பிறகுதான் தொல்லை. வெறும் தட்டு வண்டியின் நீளத்தை இரண்டடி கூட்டுகிறது, வீட்டு ஷெட்டின் கதவு மூட மாட்டேன் என்கிறது, நடந்து போகிறவர் முழங்கால் இடித்துக்கொள்கிறார். தட்டை மேல்நோக்கி நிமிர்த்தி வைக்கும் கேரியர்கள் கடைகளில் வெகுநாளாக உண்டு. தட்டும் இரண்டாக மடிந்து, தண்டும் கழன்று, மொத்தமும் டிக்கிக்குள் படுத்துவிடும்படி செய்வது அதற்கு அடுத்த படி. இங்கே சொல்லப்படும் முயற்சி அந்த வகையைச் சேர்ந்தது.

முயற்சி நடந்த இடம் இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட். சிகாகோவுக்குக் கிழக்கே காரில் இரண்டு மணி நேரம். வீட்டையே சக்கரத்தில் ஏற்றும் ஆர்.வி. வண்டிகளுக்கு இந்த ஊர் தலைநகரம். அமெரிக்காவில் ஓடும் ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் கட்டப்படுகிறது. தொழிற்சாலைகளைச் சுற்றிச் சட்டம் கட்டுகிறவர்கள், தகடு வளைப்பவர்கள், பவுடர் பெயிண்ட் அடிப்பவர்கள் என்று சிறு பட்டறைகள் நிறைய. ஒரே தொழிலை நம்பிய ஊர் என்பதால் அது சரிந்தபோது ஊரும் சரிந்தது. 2009-ல் இங்கே வேலையின்மை 20 சதவீதத்தை நெருங்கியது.

கட்டுரைக்காகப் பார்க்கக் கிடைத்த பட்டறையில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மூத்த வெல்டர் அந்த 2009-ல் டிரெய்லர் சட்ட வேலையை இழந்து இங்கே வந்தவர். மடக்குக் கேரியரின் யோசனையைக் கொண்டுவந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். விடுமுறைதோறும் குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்கும் பழக்கமுள்ளவர். அவர் கையில் இருந்தது கம்ப்யூட்டரில் வரைந்த படம். அது இரும்பானபோது என்னென்ன மாறியது என்பதில்தான் இந்தக் கைத்தொழிலின் நுட்பம் முழுவதும் இருக்கிறது.

முதலில் மாறியது சுமைக் கணக்கு. நடுத்தர எஸ்யூவிகளின் ஹிட்சில் ஒட்டியிருக்கும் தகட்டில் 500 பவுண்டு, அதாவது சுமார் 225 கிலோ, செங்குத்துப் பாரம் தாங்கும் என்று போட்டிருப்பது சகஜம். அந்த எண் டிரெய்லரை மனத்தில் வைத்து எழுதியது. டிரெய்லரின் பாரம் உருண்டைக் குமிழில் உட்கார்கிறது. குமிழ் ஆணியிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும். கேரியரில் பாரத்தின் மையம் 60 செ.மீ. தள்ளிப் போய்விடுகிறது. அதே 225 கிலோ அங்கே உட்கார்ந்தால் ஹிட்சை முறுக்கும் விசை இரண்டு மடங்குக்கும் மேல். கைநீட்டி வாளித் தண்ணீரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நீட்டுத் தண்டு ஒன்றைச் செருகி வாயை இன்னும் பின்னுக்குத் தள்ளினால் தாங்குதிறனைப் பாதியாகக் கொள்ளும்படி தயாரிப்பாளர்களே சொல்வது இதனால்தான்.

வண்டியின் கணக்கு தனி. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.7 மீட்டர் என்றும், பாரம் பின்னச்சுக்கு 1.7 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றும் கொண்டால், 200 கிலோ ஏற்றும்போது முன் சக்கரங்களிலிருந்து 126 கிலோ குறைகிறது. பின் சக்கரங்கள் 326 கிலோ கூடுதலாகச் சுமக்கின்றன. ஸ்டியரிங் லேசாகிவிடும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். ஆசிரியர் தன் படத்தில் தட்டின் தாங்குதிறன் 500 பவுண்டு என்று எழுதியிருந்தார். பட்டறை அதை அடித்து 300 ஆக்கியது. விளம்பரத்தில் எண் குறைந்தால் விற்பனை குறையும் என்பது தெரிந்தே செய்த மாற்றம். அது சரியான மாற்றமும்கூட.

அடுத்தது ஆட்டம். தண்டு வாய்க்குள் நுழைய வேண்டுமென்றால் கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆகவேண்டும். 15 செ.மீ. நுழைந்த தண்டுக்கு 1.5 மி.மீ. இடைவெளி இருந்தால், 75 செ.மீ. தள்ளியிருக்கும் தட்டின் ஓரத்தில் அது ஐந்து மடங்காகி முக்கால் சென்டிமீட்டர் ஆடும். இதற்கு மருந்து பழையது: யு வடிவக் கவ்வியைப் போட்டுத் தண்டை வாயின் ஒரு பக்கத்தோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். ஆனால் மடக்குக் கேரியரில் கீல்கள் வேறு இருக்கின்றன. ஒவ்வொரு கீலும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஆடும். நிமிர்த்துவதற்கு ஒரு ஜோடி, தட்டை இரண்டாக மடிக்க இன்னொரு ஜோடி. கீல் துளை ஆணியைவிட அரை மி.மீ. பெரிதாக இருந்தாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆணி துளையை இடிக்கும். இடித்த துளை முட்டை வடிவமாகும். முட்டையான துளை இன்னும் பலமாக இடிக்கும். முதல் மாதிரி இப்படித்தான் போனது.

சட்டம் சேர்க்கும் வேலையை அருகில் நின்று பார்ப்பது ஒரு பாடம். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய்களை 45 டிகிரியில் அறுத்து இரும்பு மேசையில் கிடத்தியிருக்கிறார்கள். வெல்டர் நான்கு மூலைகளிலும் டாக் எனும் சிறு புள்ளி வெல்டு மட்டும் வைக்கிறார். பிறகு டேப்பைப் பிடித்து மூலைக்கு மூலை அளக்கிறார். கதவு நிலை சேர்க்கும் ஆசாரி செய்வதும் இதுவே: இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வந்தால் சட்டம் மூலைமட்டத்தில் இருக்கிறது. அன்றைய சட்டத்தில் ஒன்று 3 மி.மீ. கூடுதல். அவர் சுத்தியலை எடுக்கவில்லை. நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் கிளாம்ப் மாட்டி நெருக்கினார். எதிர் மூலையின் டாக்கைக் கிரைண்டரால் அறுத்து, மறுபடி அளந்து, மறுபடி வைத்தார். முழு வெல்டு போடும்போதும் ஒரே மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கித் தன் பக்கமாகச் சட்டத்தை இழுக்கும். அதனால் இங்கே ஓர் அங்குலம், எதிர் மூலையில் ஓர் அங்குலம் என்று மாறி மாறிப் போகிறார். ஒரு சுருக்கம் மற்றொன்றை ஈடுகட்டிவிடுகிறது. கீல் துளைகளை வெல்டு முழுவதும் ஆறிய பிறகே கீல் ஆணியைத் தாங்கும் இரண்டு காதுத் தகடுகளையும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் துளைத்து, ரீமர் விட்டு அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். படத்தில் துளை முதலில், வெல்டு பிறகு என்று இருந்தது. அப்படிச் செய்தால் சூட்டில் காதுகள் விலகி ஆணி நேராக இறங்காது.

இரண்டாவது மாதிரி விரிசல் விட்டது. மணல் மூட்டைகளை ஏற்றிச் சரளைச் சாலையில் பல நாள் ஓட்டியபின் தண்டை வெளியே எடுத்து, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைத் திரவத்தைத் தெளித்தார்கள். தண்டின் மேல் முகத்தில், குறுக்கே ஓடிய வெல்டின் விளிம்பில், தலைமுடி கனத்தில் சிவப்புக் கோடு ஒன்று ஊறி வெளியே வந்தது. பின்னால் பாரம் தொங்கும் தண்டில் மேல் முகம் இழுபடும், கீழ் முகம் நசுங்கும். இழுபடும் முகத்தில் குறுக்கே வெல்டு போட்டால் விரிசலுக்கு வழி திறந்துவிட்டதாக அர்த்தம். அடுத்த மாதிரியில் வெல்டைப் பக்கவாட்டு முகங்களில் நீளவாக்கில் ஓடவிட்டு, மேல் முகத்தைத் தொடாமல் விட்டார்கள். அதன் பிறகு அந்த இடத்தில் சிவப்புக் கோடு வரவில்லை.

மூன்றாவது மாதிரி முழுக்க அலுமினியம். எடை குறையும் என்பது ஆசிரியரின் ஆசை. தூக்கி டிக்கியில் வைக்க வேண்டிய பொருளுக்கு அது நியாயமான ஆசையும்தான். ஆனால் இத்தகைய வேலைக்குப் பயன்படும் 6061 ரக அலுமினியம் தன் பலத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தியதால் பெற்றது. வெல்டின் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, அந்த இடத்தில் பலத்தை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். கடைசியில் தண்டும் கீலும் சட்டமும் எஃகு, தட்டின் தரை மட்டும் அலுமினியம் என்று முடிவாயிற்று. இரண்டும் நேராகத் தொட்டால் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு நீர் பட்டு அலுமினியம் அரித்துப் போகும் என்பதால் போல்ட்டுக்கு அடியில் நைலான் வாஷர். குழாய்களின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள். பவுடர் பெயிண்ட் அடிக்கும் முன் கீல் துளைகளுக்கு சிலிக்கான் அடைப்பான் போட வேண்டும். பெயிண்ட் படலம் ஏறினாலே ஆணி இறங்காது.

கீலின் ஆட்டத்துக்கு வழி சொன்னவர் மூத்த வெல்டர். ஆசிரியரின் படத்தில் விரித்த தட்டின் பாரத்தை ஆணிதான் தாங்கியது. ஆணியைச் சுமக்க வைக்க வேண்டாம் என்றார் அவர். கீலுக்குக் கீழே இரண்டு எஃகு முகங்களைச் சாய்வாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்படி வைத்தால், பாரம் ஏற ஏற அந்தச் சாய்வு ஆப்பு போல இறுகிக்கொள்ளும். தட்டு மேலே எழாமல் பிடிப்பதுதான் ஆணியின் வேலை. நோட்டுத் தாளில் வரையாமல், மேசையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். நான்காவது மாதிரியில் அதைச் செய்து பார்த்தார்கள். ஐந்தாவதில் சாய்வின் கோணத்தைக் குறைத்தார்கள். கோணம் நிமிர்ந்திருந்தபோது பாரம் இறங்கிய பிறகும் முகங்கள் பிடித்துக்கொண்டு மடங்க மறுத்தன.

இனிக் காப்புரிமை. அமெரிக்கக் காப்புரிமை விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும். தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டு, 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பத்தைத் தரலாம். 2013 மார்ச் 16 முதல் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. பொருளை வெளியே காட்டிய பிறகு ஓராண்டு அவகாசம் அந்த நாட்டில் உண்டு. பல நாடுகளில் இல்லை. வண்டியின் முன்னோ பின்னோ மாட்டும் கேரியர்களுக்கென்றே பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் தனிப் பிரிவு இருக்கிறது. அதைப் புரட்டினால் மடக்குவது, நிமிர்த்துவது, சுழற்றுவது என்று எண்ணற்ற பழைய யோசனைகள் கிடக்கின்றன. பழைய உறுப்புகளை எதிர்பார்த்தபடி சேர்த்து வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-ல் கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் அழுத்திச் சொன்னது. அந்த வழக்கும் ஒரு காரின் ஆக்சிலரேட்டர் பெடலைப் பற்றியதே. ஆகவே 'மடங்கும் கேரியர்' என்று உரிமை கேட்பதில் பயனில்லை. இந்தக் கேரியரில் கேட்கத் தகுந்தது ஒன்றுதான்: பாரத்தால் இறுகி, பாரம் இறங்கியதும் விடும் அந்தச் சாய்வு முகக் கீல்.

காப்புரிமைச் சட்டத்தில் பட்டறைகளுக்கு அதிகம் தெரியாத பகுதி ஒன்று உண்டு. சொன்ன அளவுக்கு அழகாக வெல்டு போட்டுக் கொடுத்தவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். ஆனால் உரிமை கோரும் அம்சங்களில் ஒன்றையாவது மனத்தில் உருவாக்கித் தந்தவர் கூட்டுக் கண்டுபிடிப்பாளர்; அவர் பங்கு மற்றவர் அளவுக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் பெயரை விட்டுவிட்டு, அதைத் திருத்தாமலும் இருந்தால் காப்புரிமையே செல்லாமல் போகலாம். கூலி வாங்கியவர் என்பதால் மட்டும் அந்த உரிமை போய்விடாது. எழுதிக் கொடுத்தால்தான் கைமாறும். பட்டறைக்குப் படத்தோடு போகிற ஒவ்வொருவரும், விண்ணப்பம் எழுத உட்காரும் முன், மேசையில் யார் எதைச் சொன்னார் என்று எழுதிவைத்த குறிப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு குறிப்பு இல்லையென்றால் இன்றே தொடங்க வேண்டும்.

ஆசிரியரிடம் அந்தக் குறிப்பு இருந்தது. அவர் போட்ட விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர்கள் இருவர். இரண்டாவது பெயர் அந்த வெல்டருடையது.