பால் பொங்காத அடுப்பு

சென்னைப் புறநகரில் புதிதாகக் குடிபோன வாடகை ஃப்ளாட். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்ச நல்ல நேரம். ஆறரை தாண்டியும் பால் பொங்கவில்லை. பர்னரில் விரல் நகம் அளவுக்குத்தான் தீ எரிந்தது.

“என்னடா இது, சகுனமே சரியில்லையே?” என்றார் 68 வயது அம்மா.

சகுனத்தில் ஒன்றுமில்லை. கோளாறு அடுப்பின் ஜெட்டில்.

அந்த வீட்டில் சிலிண்டர் கிடையாது, பைப் கேஸ். முன்பு குடியிருந்தவர்கள் தங்கள் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் மீட்டரும் வால்வும்தான் மிச்சம். கேஸ் கம்பெனி ஆள் வந்து அடுப்பை மாட்டித் தர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மகனுக்கு அதுவரை பொறுமையில்லை. பழைய வீட்டில் சிலிண்டரில் ஓடிய அதே அடுப்பு, அதே டியூப். வால்வில் செருகிப் பற்றவைத்தார், பற்றிக்கொண்டது. “இதுக்கு எதுக்கும்மா ஆளு?” என்று கை கழுவப் போய்விட்டார்.

சிலிண்டரில் வருவது எல்.பி.ஜி. பைப்பில் வருவது இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். ஒரே கன அளவு வாயுவை எரித்தால் எல்.பி.ஜி சுமார் இரண்டரை மடங்கு அதிகச் சூடு தரும். அதனால் சிலிண்டர் அடுப்பின் ஜெட்டில் துளை சிறியதாக இருக்கும், பைப் கேஸுக்குப் பெரிய துளை வேண்டும். மாற்றாமல் மாட்டினால் தீ இப்படித்தான் சோம்பி எரியும். இதற்கு நேர்மாறாக, பைப் கேஸுக்கு மாற்றிய அடுப்பை சிலிண்டரில் மாட்டினால் தீ மஞ்சளாகக் குபீரென்று எழும். அதுதான் இன்னும் விபரீதம். வீடு மாறுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பால் ஒருவழியாகப் பொங்கியது. மதியம் மகனும் மருமகளும் மிச்ச சாமான்களை எடுக்கப் பழைய வீட்டுக்குக் கிளம்பினார்கள். அம்மா தனியாக இருந்தார்.

2021-ல் வந்த கொரோனா, போகும்போது அம்மாவின் மோப்ப சக்தியையும் கொண்டுபோய்விட்டது. சாம்பார் அடிப்பிடித்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எப்போதாவது கிண்டலும் செய்வார்கள். கசிந்தால் தெரியவேண்டும் என்றுதான் கேஸில் அந்த நாற்றத்தையே சேர்க்கிறார்கள் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

மாலை ஆறு மணி. மருமகள் கதவைத் திறந்ததும் குப்பென்று நாற்றம். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறார், கையில் தீப்பெட்டி.

“அத்தை! கொளுத்தாதீங்க, வெளிய வாங்க!”

அம்மாவைக் கைபிடித்து வெளியே விட்டுவிட்டு, மருமகள் ஓடிப்போய் வால்வின் கைப்பிடியைக் குறுக்கே திருப்பினார். பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பின்னாலேயே வந்த மகனின் கை எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குப் போனது. மருமகள் அந்தக் கையைத் தட்டிவிட்டார். சுவிட்சில் எழும் சின்னப் பொறி போதும். நல்லது செய்வதாக நினைத்து நிறைய பேர் செய்யும் தப்பு அது. ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, படிக்கட்டில் இறங்கிப்போய் அவசர எண்ணுக்குப் போன் செய்தார்கள்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். பழைய டியூப்பை உடனே கழற்றவில்லை. “அம்மா, கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க” என்றவர், கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்து, வால்வும் டியூப்பும் சேரும் இடத்தில் தடவி, ஒரு நொடி வால்வைத் திறந்தார். வரிசையாகக் குமிழிகள். டியூப்பின் வாய் வெடித்திருந்தது. கிளிப்பும் போடவில்லை.

“இது அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன டியூப்பு சார். இழுத்து வேற மாட்டியிருக்கீங்க” என்றார் மகனைப் பார்த்து. மகன் பதில் பேசவில்லை.

அம்மாவுக்கோ குமிழிமேல்தான் கண். “மூக்கு வேண்டாமா தம்பி இதுக்கு?”

“வேண்டாம்மா, கண்ணு போதும். இன்னொண்ணும் இருக்கு. ராத்திரி அடுப்பை அணைச்சிட்டு, வால்வைத் திறந்தபடியே மீட்டரைப் பாருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. நம்பர் நகர்ந்தா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். உடனே வால்வை மூடிட்டு எங்களைக் கூப்பிடுங்க. நகரலைன்னாலும் மூடிட்டுத்தான் படுக்கணும்.”

சிலிண்டர் காலத்துப் பழக்கத்தில், கசிவு தரையோரம்தானே தங்கும் என்றார் அம்மா. எல்.பி.ஜி காற்றைவிடக் கனம், அது தரையில் படியும். இது லேசு, மேலே போய்க் கூரையோரம் சேரும் என்று விளக்கிய மெக்கானிக், சமையலறையின் மேல்பக்கக் காற்றுத் துளையை அடைத்திருந்த அட்டைப்பெட்டியை இறக்கிவைக்கச் சொன்னார். நேற்று காலை மகன்தான் அதை அங்கே ஏற்றியிருந்தார்.

ஜெட் மாறியது. புது டியூப், இரண்டு பக்கமும் கிளிப். மறுபடி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். இந்த முறை குமிழி வரவில்லை.

இப்போது அம்மா தினம் ராத்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டர் முன்னால் நிற்கிறார். இரண்டு எண்களையும் பால் கணக்கு எழுதும் நாள்காட்டியில் குறிக்கிறார். சனிக்கிழமை சோப்புக் கிண்ணம். மகன் ஊரில் இல்லாவிட்டால் போனில் கேட்பார், “என்னம்மா, நம்பர் நகர்ந்துச்சா?”

அன்றைக்கு மெக்கானிக் கிளம்பும்போது, “காபி குடிச்சிட்டுப் போ தம்பி” என்று அம்மா அரை லிட்டர் பாலை அடுப்பில் ஏற்றினார். பேசிக்கொண்டே திரும்புவதற்குள் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் பால்.