ஒரு புள்ளி, அரை விநாடி

2024 பிப்ரவரியில் துபாயில் நடந்த உலக அரசுகள் மாநாட்டில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் ஒரு கருத்தைச் சொன்னார். பிள்ளைகள் எல்லோரும் கோடிங் படிக்க வேண்டும் என்று இத்தனை வருடமாகச் சொல்லிவந்தார்களே, இனி அது தேவையில்லை. யாரும் நிரல் எழுத வேண்டாத நிலைக்குக் கணினியைக் கொண்டுவருவதே எங்கள் வேலை என்பது அதன் சாரம். அந்தக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. பழைய மகாபலிபுரம் சாலை டீக்கடைகளில் அதைப் பற்றிப் பேசாத நிரலாளர் இருந்திருக்க மாட்டார். பிள்ளையைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கலாமா வேண்டாமா என்று சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்பதும் அதற்குப் பிறகு கூடிப்போனது.

சிப் விற்கிறவர் அப்படித்தான் சொல்வார், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர்களுக்கு உறுத்தியது வேறு. நிரலாளர் என்றால் நாள் முழுக்கக் கீபோர்டில் தட்டிக்கொண்டிருப்பவர் என்று பேசியவரும் கேட்டவரும் செய்தி போட்டவரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள்.

தட்டுவது எந்தக் காலத்திலும் இந்த வேலையில் சின்னப் பங்குதான். காலையில் வந்து உட்காரும் நிரலாளர் பெரும்பாலும் படிக்கிறார். என்றோ வேலையை விட்டுப் போனவர் எழுதிய கோடு, அதை அவசரத்தில் ஒட்டுப்போட்டவரின் கமிட், நேற்று ராத்திரி புரொடக்‌ஷனில் கொட்டிய லாக், வாடிக்கையாளர் அனுப்பிய அரைகுறைப் புகார். நாலு மணி நேரம் படித்துவிட்டு மூன்று வரியை மாற்றினால் அது நல்ல நாள். ஒரு வரியும் மாற்றாமல், ‘கோளாறு நம்மிடம் இல்லை, கான்ஃபிகில் இருக்கிறது’ என்று காட்டிவிட்டால் இன்னும் நல்ல நாள்.

அந்தப் படிப்பு எதற்கு என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஹுவாங் பேசிய அதே பிப்ரவரியின் கடைசியில், எக்ஸ்-இசட் என்ற ஓபன் சோர்ஸ் நூலகத்தில் ஒரு புள்ளி வைக்கப்பட்டது. லினக்ஸ் ஓடும் சர்வர்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் சாமான் அது. ஃபின்லாந்துக்காரரான லாஸ்ஸே காலின் சம்பளம் எதுவும் இல்லாமல் பல வருடமாக அதைப் பராமரித்துவந்தார். 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து ஒழுங்கான பேட்ச்களாகக் கொடுக்க ஆரம்பித்தார். 2022இல் வேறு சில பெயர்கள் திடீரென்று முளைத்தன. பேட்ச் ஏன் இன்னும் சேரவில்லை, முடியாவிட்டால் வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுக்கலாமே என்று அவை காலினை நச்சரித்தன. தனக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது கூலியில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பதில் எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது தனி ஆளா, ஒரு கூட்டமா, ஏதாவது அரசா என்பது இன்றுவரை வெளியாகவில்லை.

அந்தப் புள்ளி விழுந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நூலகத்தைக் கட்டும் சிமேக் கோப்பில் ஒரு குட்டிச் சோதனை நிரல் உண்டு. அது கம்பைல் ஆனால் வசதி இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. அந்தக் குட்டி நிரலுக்குள், ஒரு வரியில் தனியாக, ஒரு முற்றுப்புள்ளி. சி மொழியில் அது பிழை என்பதால் எந்த இயந்திரத்திலும் அது கம்பைல் ஆகாது. எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் அந்த இடத்தில் கம்பைல் ஆகாமல் போவதும் முறையான ஒரு விடைதான். சிமேக் வழியாகக் கட்டுகிறவர்களுக்குப் பாதுகாப்பு வேலி சத்தம் போடாமல் காணாமல் போய்விடும். ஆயிரம் வரி எழுதத் தெரிந்தவருக்கும் இந்த ஒரு வரி கண்ணில் படாது. கம்பைலரின் கெட்டிக்காரத்தனத்தால் பிடிபடும் சங்கதியும் இல்லை. கமிட்டைத் திறந்து, ஒவ்வொரு வரியாக, ‘இது ஏன் இங்கே?’ என்று கேட்டுப் படிக்கும் ஆள் வேண்டும்.

உண்மையான விஷம் வேறு இடத்தில் இருந்தது. டெஸ்டுக்கு வைத்திருந்த, வேண்டுமென்றே கெடுத்த மாதிரிக் கோப்புகளுக்குள் அதைப் பொதிந்திருந்தார்கள். கெட்டுப்போன கோப்பு என்று பெயரே வைத்திருந்தால் யார் திறந்து பார்ப்பார்கள்? அதை வெளியே இழுக்கும் எம்4 ஸ்கிரிப்டோ எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பான டார்பாலில் மட்டும் இருந்தது. 5.6.0 பதிப்பு பிப்ரவரியிலும் 5.6.1 மார்ச்சிலும் வந்தன. டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நேரடியாக இந்த நூலகத்தைத் தொடுவதில்லை. சில டிஸ்ட்ரோக்கள் சிஸ்டம்டி-க்காகப் போட்ட ஒட்டு வழியாக அது உள்ளே வந்துவிடும். இன்னும் சில மாதம் போயிருந்தால், குறிப்பிட்ட ஒரு சாவி கையில் உள்ளவருக்கு உலகத்தின் கணக்கில்லாத சர்வர்கள் கதவைத் திறந்துவிட்டிருக்கும்.

பிடித்தவர் பாதுகாப்பு நிபுணர் அல்ல. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்கிறவர், மைக்ரோசாஃப்ட் ஊழியர். டெபியனில் ஒரு வேக அளவீட்டுக்காக இயந்திரத்தை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தவருக்கு, எஸ்எஸ்ஹெச்டி அதிகமாக சிபியு தின்பது தென்பட்டது. தவறான பயனர் பெயரோடு வந்து உடனே விரட்டப்படும் முயற்சிகளுக்கே அவ்வளவு செலவு. அளந்தார். முன்பு 0.3 விநாடிக்குள் முடிந்தது, இப்போது 0.8 விநாடி. புரொஃபைலரை ஓட்டினால் நேரம் போவது எக்ஸ்-இசட் நூலகத்துக்குள், அதுவும் பெயர் சொல்ல முடியாத ஓர் இடத்தில். சில வாரம் முன்பு ஒரு தானியங்கிச் சோதனையில் நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவி விநோதமாக முனகியதும் அவருக்கு ஞாபகம் வந்தது. நூல் பிடித்துப் போனார். மார்ச் 29ஆம் தேதி பாதுகாப்புக் குழுமத்துக்கு எழுதிப் போட்டார். அந்த ஓட்டைக்குக் கிடைத்த அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து.

செய்திகளில் ‘தற்செயலாகக் கண்டுபிடித்தார்’ என்று எழுதினார்கள். ஃப்ராய்ண்டும் பல தற்செயல்கள் கூடிவந்ததாகத்தான் சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. அரை விநாடி கூடியது எத்தனையோ பேர் கணினியில் நடந்திருக்கும். நெட் ஸ்லோ என்று அவர்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள். வழக்கம் எது என்று கைக்குத் தெரிந்திருந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது உறுத்தும். பழைய டீம் லீட்கள் அடித்துச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: ‘ஓடுது’ என்று சொல்லாதே, எவ்வளவு நேரத்தில் ஓடுது என்று சொல். அன்று அந்தக் கிழங்கள் கழுத்தறுப்பாகத் தெரிந்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை 19 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு கோப்பு இந்திய நேரம் காலை 9.39க்கு வெளியே போனது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக்கே பின்னர் வெளியிட்ட அறிக்கையில் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் 21 புலங்கள் வரும் என்று வரையறுத்திருக்கிறது. மறுபக்கம் கொடுப்பது 20. 21ஆவதைத் தேடிப்போன நிரல் இல்லாத நினைவகத்தை, அதுவும் கெர்னலுக்குள் இருந்துகொண்டு, தொட்டுவிட்டது. வரம்பு பார்க்கும் ஒரு வரி இல்லை. டெஸ்ட்களில் அந்தப் புலத்துக்கு ‘எதுவானாலும் சரி’ என்று விட்டிருந்ததால் எல்லாம் பாஸ். முதலில் பத்து மெஷினில் போட்டுப் பார், ராத்திரி தாண்டட்டும், பிறகு நூறில் போடு என்ற கிராமத்துப் பாட்டி வைத்தியத்தை அந்தக் கோப்பு வகைக்கு யாரும் செய்யவில்லை. அதற்குப் பிறகுதான் சேர்த்தார்கள்.

இரண்டு சம்பவத்திலும் டெஸ்ட் பாஸ். இன்று கோட் ரிவ்யூவில் உட்காரும் மூத்தவர்கள் தினமும் கேட்கும் வாக்கியமும் அதுதான்: “சார், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுதே?” இந்த லூப் எதற்கு என்று கேட்டால், “அதுதான் சார் அப்படிக் கொடுத்துச்சு.” ‘அது’ என்பது செயற்கை நுண்ணறிவுக் கருவி. நாற்பது கோப்புகளில் எண்ணூறு வரி மாற்றம் ஒரே மூச்சில் ரிவ்யூவுக்கு வருகிறது. அனுப்பிய பிள்ளையும் படிக்கவில்லை, அனுமதிக்கிறவருக்கும் நேரமில்லை. அவரும் அந்தக் கருவியிடமே ‘இதைப் பார்த்துச் சொல்’ என்கிறார். பிறகு இருவரும் ஸ்டாண்ட்அப்பில் நின்று ‘முடிந்தது’ என்று சொல்கிறார்கள்.

கருவி மோசம் என்று சொன்னால் அது பொய். யாரும் சீண்டாத ரெகுலர் எக்ஸ்பிரஷனை விளக்கவும், சலிப்பான டெஸ்ட் கேஸ்களை அடுக்கவும், கோபால் மொழியில் எழுதிய முப்பது வருடத்து நிரலில் கணக்கு எங்கே நடக்கிறது என்று காட்டவும் அது நன்றாகவே உழைக்கிறது. பிரச்சினை, நிறுவனங்கள் அதை அளக்கும் விதத்தில் இருக்கிறது. 2024 அக்டோபரில் சுந்தர் பிச்சை, கூகுளின் புதிய நிரலில் கால் பங்குக்கு மேல் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்றார். பொறியாளர்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே சேர்கிறது என்றும் அதே வாக்கியத்தில் சொன்னார். தலைப்புச் செய்திகளில் பின்பாதி விழுந்துவிட்டது. அடுத்த ஏப்ரலில் சத்யா நாதெல்லா தன் நிறுவனத்துக்கு 20 முதல் 30 சதவீதம் என்றார். ஆக, அளவுகோல் மறுபடியும் வரிக் கணக்குக்கே வந்து நிற்கிறது.

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு 1982லேயே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். ஆப்பிளில் லிசா கணினிக்கு வேலை நடந்தபோது, வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று படிவம் கொடுத்தார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம்தான் திரையில் படம் வரையும் குவிக்டிராவின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி ஆறு மடங்கு வேகமாக்கியிருந்தார். நிரல் இரண்டாயிரம் வரி குறைந்திருந்தது. படிவத்தில் மைனஸ் 2000 என்று நிரப்பிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரிடம் படிவம் கேட்பதை விட்டுவிட்டார்கள். 2025 ஜூனில் அட்கின்சன் காலமானார். அவருக்கு அஞ்சலி எழுதிய நிறுவனங்களில் எத்தனை, ஊழியர் நீக்கிய வரிகளை அப்ரைசலில் சேர்க்கின்றன என்று கேட்டுப் பார்க்கலாம். தேவையில்லாத பழைய மாட்யூலைத் தூக்கி எறிந்து சர்வர் செலவைக் குறைத்த ஒருவருக்கு ‘உற்பத்தி குறைவு’ என்று மதிப்பெண் போட்ட அலுவலகம் இங்கேயே உண்டு. பெயர் வேண்டாம்.

வேகம் கூடுகிறது என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட முடிவு இது: தங்களுக்கு நன்கு பழகிய ஓபன் சோர்ஸ் திட்டங்களில் அனுபவசாலிகள் 16 பேர் 246 வேலைகளைச் செய்தார்கள். கருவியோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. செய்து முடித்த பிறகும், 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே அவர்கள் நம்பினார்கள். பதினாறே பேர், அந்த வருடத் தொடக்கத்துக் கருவிகள். இதை வைத்து வேதம் எழுத முடியாது. ஆனாலும் கடிகாரத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவே அத்தனை இடைவெளி என்பது, எதையும் அளந்து பார்க்கச் சொன்ன அந்தக் கிழங்களை ஞாபகப்படுத்துகிறது.

அதே ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியரில் இரண்டு சதவீதத்தை, சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தட்டும் மேல்தட்டும். செயற்கை நுண்ணறிவுதான் காரணம் என்று பேச்சு எழுந்தது, நிறுவனம் மறுத்தது. எது காரணமானாலும் பல அலுவலகங்களில் முதலில் நகர்த்தப்படுவது அந்த வயதுக்காரர்கள்தான், அதாவது ‘இந்த லூப் எதற்கு’ என்று கேட்கத் தெரிந்தவர்கள். கீழே புதியவர்களுக்கு முன்பு கொடுத்த சின்னச் சின்ன பக் வேலைகளும் கருவிக்குப் போகின்றன. அடுத்தவர் கோடைப் படிக்கும் பழக்கம் அந்தச் சில்லறை வேலைகளில்தான் வந்தது.

இதில் நிறுவனங்கள் தாமாகத் திருந்தும் என்று காத்திருப்பதைவிட, கல்லூரி ஆசிரியர்களிடம் ஒன்றைக் கேட்கலாம். இன்றும் லேப் தேர்வு என்றால், ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரலை மனப்பாடம் செய்து அப்படியே இறக்குவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அதைக் கருவி ஒரு விநாடியில் செய்துவிடும். பதிலாக, வேறு ஒருவர் எழுதிய இருநூறு வரி நிரலைக் கையில் கொடுங்கள். உள்ளே ஒரு தவறு இருக்கட்டும், எல்லா டெஸ்டும் பாஸ் ஆகும்படி. மூன்று மணி நேரம் கொடுங்கள், இன்டர்நெட் வேண்டாம். கண்டுபிடித்த வரியையும், எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் பேப்பரில் எழுதச் சொல்லி, இரண்டாவதற்கு அதிக மதிப்பெண் போடுங்கள். கேள்விக்குப் பஞ்சமில்லை: கிரவுட்ஸ்டிரைக் அறிக்கை பொதுவில் இருக்கிறது, எக்ஸ்-இசட் கமிட்களும் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. ஒரு செமஸ்டருக்கு அவை தாராளமாகப் போதும்.