கோழிக்குப் பார்க்கும் திசையைப் புத்தகத்துக்கும் பார்ப்போம்

கோழிக் கொட்டகை போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்தத் திசையில சார் போடணும்?” என்பதுதான். 30 வருடமாக ஒரே பதில்தான் சொல்கிறேன். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களில்தான் விழும். நீளமான இரண்டு பக்கமும் காற்று புகுந்து வெளியேறும்.

காவிரி டெல்டாவில் இருக்கும் எங்கள் சிறிய ஊரில் நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியபோது, யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. விவரம் தெரிந்த நானும் வாய் திறக்கவில்லை. அந்த உறுத்தல் எனக்கு இன்றும் இருக்கிறது.

பழைய நூலகம் ஓட்டுக் கட்டடம். முன்னால் திண்ணை, பக்கத்தில் பெரிய புங்க மரம். வேளாண்மை படிக்கும் ஆசை எனக்கு வந்ததே அந்தத் திண்ணையில்தான். மரத்தை வெட்டி, தாழ்வான இடத்தில் மேற்குப் பார்த்த கான்கிரீட் கட்டடத்தைக் கட்டினார்கள். விவசாயிகள் வேலை முடிந்து வருவது சாயங்காலம். சுவர் அனலாகக் கொதிப்பதும் அப்போதுதான். தினமும் வந்த பெரியவர் ஒருவர், “உள்ள உட்கார முடியல தம்பி, டீக்கடையிலயே பேப்பர் பார்த்துக்கறேன்” என்று நின்றுவிட்டார். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் புகுந்து, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப்போயின. மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொண்டது.

1931-லேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். படிப்பவரைத் தேடிப் புத்தகம் போன மண் இது. இங்கே படிக்க வந்தவரை வெயில் விரட்டுகிறது.

போன வருடம் இன்னொரு வாசிப்பு அறை கட்டப் பணம் வந்தது. இந்த முறை நானே கூட்டத்துக்குப் போனேன். “எல்லா ஊருக்கும் இதே பிளான்தான் சார், மாத்த முடியாது” என்றார் பொறியாளர். “மாத்த வேண்டாம் சார், திருப்பி மட்டும் போடுங்க” என்றேன். சிரித்தார். ஆனால், திருப்பினார்.

உங்கள் ஊரில் நூலகம் வருகிறதென்றால், சுண்ணாம்புக் கோடு போடும் முன்பே இவற்றைக் கேளுங்கள்.

பெருமழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பெரியவர்களிடம் கேட்டு, தரையை அதற்கு மேல் உயர்த்துங்கள். நம் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதனால், மண் அசையாத ஆழம்வரை அஸ்திவாரம் போக வேண்டும். தரை போடும் முன்பே கரையான் மருந்து ஊற்றிவிட வேண்டும். மேற்கே நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள். இல்லையென்றால், சுவரிலிருந்து தள்ளி வேம்போ புங்கனோ வையுங்கள். தெற்கே அகலமான தாழ்வாரம் இருந்தால் வெயிலும் சாரலும் உள்ளே வராது. செருப்பைக் கழற்றிவிட்டு நாலு பேர் உட்காரவும் ஆகும். விதை மூட்டையைக் கட்டை மேல், சுவரில் ஒட்டாமல்தானே அடுக்குகிறோம்? புத்தக அலமாரிக்கும் அதே கணக்குதான்.

எங்கள் அறையில் எல்லாம் நடந்துவிடவில்லை. தாழ்வாரத்துக்குப் பணம் பற்றவில்லை. மொட்டை மாடியும் அப்படியேதான். ஆனாலும், சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே உட்கார முடிகிறது. அந்தப் பெரியவரை நானே போய் அழைத்து வந்தேன்.

வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நான் அன்று கேட்காமல் விட்டதை, நீங்கள் கேட்டுவிடுங்கள்.