பேயிடம் மட்டும் கேட்டார்கள்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் 'சந்திரமுகி' ஓடும்போது அம்மா ஒரே ஒரு காட்சிக்குச் சேனலை மாற்றிவிடுவாள். கங்கா கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கும் காட்சி. வடிவேலு வரும் இடங்களுக்கெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பவள், அந்த இடம் நெருங்கும்போது ரிமோட்டைத் தேட ஆரம்பிப்பாள். பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருந்தால் தேடும் வேகம் இன்னும் கூடும். சித்தி ஒன்றும் சொல்ல மாட்டாள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

2005 ஏப்ரலில் படம் வந்தபோது நான் எம்.ஃபில். மாணவி. காரைக்குடியில் தோழிகளோடு போய்ப் பார்த்தேன். கட்டில் தூக்கப்பட்டபோது அரங்கம் முழுக்க விசில். நான் மட்டும் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் எட்டு வயதில், 1990இல், இதே காட்சியை நான் நேரில் பார்த்திருந்தேன். அப்போது தூக்கப்பட்டது கட்டில் இல்லை, அம்மிக்கல்.

அதற்கு முன் படத்தைப் பற்றிக் கொஞ்சம். மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' 1993இல் மலையாளத்தில் வந்தது. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். அதை பி. வாசு 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என்றும், அடுத்த ஆண்டு தமிழில் 'சந்திரமுகி' என்றும் எடுத்தார். 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தார். தமிழ்ப் படம் சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. அதற்குள் முன்பொரு காலத்தில் கொல்லப்பட்ட ஒரு நடனப் பெண்ணின் நினைவு. புதிதாகக் குடிவந்த மனைவி அறையைத் திறக்கிறாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெண்ணாகவே மாறிவிடுகிறாள். மனநல மருத்துவர் வந்து மீட்கிறார்.

மறு ஆக்கத்தில் என்ன மாறியது என்று கேட்டால் எல்லோரும் நாயகனைச் சொல்வார்கள். மலையாளத்தில் மோகன்லால் படத்தின் நடுப்பகுதியை ஒட்டித்தான் வருகிறார். தமிழில் ரஜினி முதல் சண்டையிலேயே வந்துவிடுகிறார். வீட்டில் பொருட்கள் உடைந்து சேலை தீப்பற்றும்போது சந்தேகம் யார் மேல் விழுகிறது என்பதும் மாறியது. மலையாளத்தில் ஜாதகக் குறை சொல்லி ஒதுக்கப்பட்ட, கணவனோடு வாழாத பெண்ணின் மேல். தமிழில் தோட்டக்காரரின் பேத்தி துர்காவின் மேல். ஆக, பெரிய வீட்டில் ஏதாவது உடைந்தால் முதலில் யாரைப் பார்ப்பார்கள் என்பதில் மட்டும் இரண்டு படங்களும் நன்றாகவே யதார்த்தம்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. என் அம்மாச்சி ஒரு நகரத்தார் வீட்டில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தவள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் வாசல் வைத்து மறு தெருவில் கொல்லை முடியும் வீடு. பர்மாத் தேக்கில் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் போனார்கள். வருடக்கணக்கில் வீட்டைக் காத்தவர்கள் ஆச்சிகள். பிறகு குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, வீடுகள் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் மட்டும் திறக்கும்படி ஆயின. மற்ற நாட்களில் சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஆள் இல்லாத வீட்டைக் கண்டால் சினிமாவுக்குப் பேய் நினைவுக்கு வந்துவிடும்.

அம்மாச்சி வேலை பார்த்த வீட்டிலும் திறக்காத அறை ஒன்று இருந்தது. அதில் பேய் இருப்பதாகத் தெருப் பிள்ளைகள் நாங்கள் நம்பினோம். ஒரு வெள்ளிக்கிழமை ஆச்சி சொல்லி அம்மாச்சி அதைத் திறந்து தூசி தட்டினாள். நானும் கூட நின்றேன். பித்தளை அண்டாக்கள், எனாமல் அடுக்குகள், அடுக்கடுக்காக எவர்சில்வர், ஒரு தகரப் பெட்டி. ஆச்சிக்குக் கல்யாணத்தில் அவர் அப்பச்சி கொடுத்த சீர். பாதிக்கு மேல் அடுப்பில் ஏறவே இல்லை. "இதுதான் பேயா?" என்று நான் கேட்க, ஆச்சி சிரித்துவிட்டு, "இதுக்குத்தான் காவல் இருக்கேன்" என்றார்கள்.

இனி அம்மிக்கல்.

சித்தியைத் தேவகோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தப் பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். "நீ போயிட்டா யாரு உலை வைக்கிறது" என்று மாமியார் தடுத்தாள். சித்தப்பா தன் அம்மா சொன்னதுதான் என்றார். ஊரிலேயே வாய் திறக்காத மருமகள் என்று பேர் வாங்கியிருந்தவள் எழுந்து போய், அடுப்படியில் கிடந்த அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டாள். மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அன்று நானும் அம்மாவும் அவளை அழைக்கப் போயிருந்தோம். கல் விழுந்து திண்ணை ஓரம் பெயர்ந்ததை நான் பார்த்தேன்.

பேய் என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து கோடாங்கியை வைத்தார்கள். உடுக்கை அடித்து அவர் கேட்ட முதல் கேள்வி: "நீ யாரு? ஒனக்கு என்ன வேணும்?"

சித்தி மளமளவென்று சொன்னாள். அரக்குக் கலரில் ஒரு சேலை வேணும். ஒரு மண்டலம் என்னை அந்த வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அடகு வச்ச சங்கிலி வேணும். சபையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் கைகட்டி, "சரி தாயி, சரி தாயி" என்றார்கள். சேலை வந்தது. 48 நாள் கிடைத்தது. பால்குடமும் எடுத்தாள். சங்கிலி மட்டும் வரவில்லை. கடைசி நாள் அவள் உச்சிமுடியில் ஒரு கற்றையைப் பிடுங்கிக் கண்மாய்க்கரைப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். மறுநாள் சித்தப்பா வந்து பஸ்ஸில் கூட்டிப் போனார். சித்தியிடம், போகிறாயா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இப்போது கட்டில் காட்சிக்கு வருவோம். கங்கா வெளியே போகப் புறப்படுகிறாள். கணவன், போகக் கூடாது என்கிறான். மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி அவன் செய்யும் சோதனை அது. தடுத்தவுடன் சந்திரமுகி வெளியே வருகிறாள். மலையாளத்திலும் இப்படித்தான். இரண்டு படங்களிலும் மருத்துவர் இதை நோயின் அறிகுறியாகத்தான் படிக்கிறார். கணவன் வேண்டாம் என்று சொல்லும் தருணத்தில் அது ஏன் வெளிப்படுகிறது என்ற கேள்வியோடு காட்சி ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. சந்திரமுகியைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். அவளுக்குக் காதலன் உண்டு, ஊர் உண்டு, கலை உண்டு, கோபம் உண்டு, பழி தீர்க்க ஒரு நாளும் உண்டு. கங்காவைப் பற்றி அவ்வளவு தெரியாது. கடைசியில் மருத்துவர், கணவன், ஆச்சாரியார் மூவரும் கூடிப் பொம்மை ஒன்றை எரிக்க வைத்து அவளை ஏமாற்றிக் குணப்படுத்துகிறார்கள். சந்திரமுகியின் ஆசை நிறைவேறுகிறது. கங்கா புன்னகையோடு கணவனிடம் திரும்புகிறாள்.

கோடாங்கியைவிட மருத்துவர் மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், எங்கள் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பற்றி 28 பேர் கருகினார்கள். நம்பிக்கையின் பேரில் கட்டிவைத்தவர்கள்தான் எல்லோரும். அதற்கு நாலு வருடம் கழித்து, இது பேய் இல்லை, மனநோய், மருந்து உண்டு என்று ரஜினி வாயால் சொன்ன படத்தை அந்த அளவில் மதிக்கத்தான் வேண்டும். சித்தியும் பின்னால் மதுரையில் ஒரு மருத்துவரிடம் போனாள். மாத்திரையில் தூக்கம் வந்தது. ஆனால் அவரும் பேசியது சித்தப்பாவிடம்தான். சித்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

தமிழ் நடத்துகிறவளாக இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பேய் எந்த மொழியில் பேசுகிறது? மலையாளப் படத்து நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். கன்னடத்திலும் தமிழிலும் அவள் தெலுங்கு பேசுகிறாள். இந்தியில் வங்காளம். வீடும் ராஜாவும் நம்முடையவை. கொல்லப்பட்டவள் எப்போதும் அடுத்த ஊர்க்காரி, ஆடுகிறவள். அவள் ஆத்திரத்தை நம் மொழியில் கேட்கும் சங்கடம் நமக்கு வருவதே இல்லை. தஞ்சாவூர் அரசவையில் 18ஆம் நூற்றாண்டில் முத்துப்பழனி என்ற கணிகை தெலுங்கில் 'ராதிகா சாந்தவனம்' எழுதினாள். பெண்ணின் விருப்பத்தை வெளிப்படையாகப் பேசிய காவியம். பெங்களூர் நாகரத்தினம்மா 1910இல் அதை முழுமையாகப் பதிப்பித்தபோது ஆபாசம் என்று பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. தமிழ் மண்ணில் தெலுங்கு பேசிய நடனப் பெண்கள் கவிதை எழுதினார்கள், பதிப்பித்தார்கள், சண்டை போட்டார்கள். சினிமாவுக்குக் கிடைத்தது எரிக்கப்பட்டவள் மட்டும்.

2023 செப்டம்பரில் 'சந்திரமுகி 2' வந்தது. அதே இயக்குநர். ராகவா லாரன்ஸ், கங்கனா ரணாவத். இதில் மருத்துவ விளக்கமும் போய்விட்டது. பேய் நிஜமாகவே பேய். பதினெட்டு வருடத்தில் முன்னால் போயிருக்க வேண்டிய கதை கோடாங்கியிடமே திரும்பிவிட்டது.

அதைப் பார்த்துவிட்டு வந்த வாரம்தான் சித்தியிடம் கேட்டேன். சித்தப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் எங்கள் வீட்டோடு வந்துவிட்டிருந்தாள். முப்பத்து மூன்று வருடம் நானும் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்பது கேட்கும்போதுதான் உறைத்தது. பெண் எழுத்து பற்றி எத்தனை மேடைகளில் பேசியிருப்பேன்.

"அன்னைக்கு நெசமாவே வந்துச்சா சித்தி? இல்ல நீயா செஞ்சியா?"

அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அது எனக்கே தெரியலத்தா. கல்லத் தூக்குனது தெரியும். வாய் தொறந்துச்சு, பேசுனேன். நிறுத்தத் தோணல. பேய்னு சொன்னாகல்ல, அப்புறம் ஒருத்தரும் அடிக்கல. 48 நாளு நல்லாத் தூங்குனேன்."

"சங்கிலி?"

"அதக் கேட்டது நாந்தேன்" என்றாள். "பேய்க்கு எதுக்குச் சங்கிலி."

போன தீபாவளிக்குச் 'சந்திரமுகி' மறுபடி போட்டார்கள். அந்தக் காட்சி வந்ததும் அம்மா ரிமோட்டை எடுத்தாள். சித்தி நிமிர்ந்து, "இருக்கட்டும்க்கா, பாப்போம்" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். ரிமோட்டைக் கீழே வைத்தாள். மூன்று பேரும் முழுதாகப் பார்த்தோம். கட்டில் மேலே போய்க் கீழே வந்தது.

சித்தி முறத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "கட்டிலு என்னடி பெரிய கட்டிலு. அம்மிக்கல்லுதான் கனம்."