நீரிழிவும் எம் ஆச்சியும்

பொதிகையிற் பிறந்து, கார், பிசானம் என்னும் இருபோகங்கட்கும் நீரூட்டிப் புன்னைக்காயலிற் கடலொடு கலக்கும் பொருநையின் கரையிலே வாழ்வோர்க்கு, நெற்சோறும் இனிப்பும் தலைமுறைச் சொத்துக்கள். விருந்தினர் வரினும் அல்வா; வெளியூர் செல்வார் கையினும் அல்வா. இந்நாட்டிலே இனிப்பிற்கு அஞ்சுதற்குரிய நோயொன்று எம் இல்லத்துட் புகுந்து ஆண்டுகள் பல ஆயின. எம் ஆச்சிக்கு நீரிழிவு. அதுபற்றி யாம் அறிந்தனவற்றையும், அறிவு நிரம்புமுன் யாம் செய்த பிழையொன்றையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தமிழ் பயில்வார்க்கு முதற்கண் பெயரே இன்பந்தரும். இழிதல் என்பது கீழ்நோக்கி ஒழுகுதல். நீர் மிகுதியாய் இழிதலின் நீரிழிவு. மேனாட்டார் வழங்கும் 'டயபெட்டீஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடுருவி ஒழுகுதல் என்றே பொருள்படும். கணையம் சுரக்கும் இன்சுலின் குறையினும், சுரந்ததற்கு உடல் செவ்வனே இணங்காதொழியினும், உண்ட உணவின் சர்க்கரை குருதியிலே தேங்குகின்றது. மிகத் தேங்கியது சிறுநீர்வழி வெளிப்படுங்கால் நீரையும் உடன் ஈர்த்துச் செல்லும். தாகமும் சோர்வும் அதன் விளைவே.

மருத்துவர் இவற்றை விளக்கிய நாள்முதல் யாம் ஆச்சிக்குக் காவலராயினோம். அல்வாவை ஒளித்தோம், கருப்பட்டிப் பானையைப் பரண்மேல் ஏற்றினோம். கருப்பட்டி தீங்கு செய்யாது என்பாருளர். அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே. ஆச்சி ஒருவாய்ப் பாயசம் வேண்டினும் கண்டித்தோம். சர்க்கரை பகை என்பதொன்றே எம் கல்வி. அக்கல்வியின் குறை ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று வெளியாயிற்று.

அன்று ஆச்சி உபவாசம். ஆயினும் காலை மாத்திரையை மறவாது விழுங்கிவிட்டு, எம்முடன் மும்மணி ஆராதனைக்கு வந்தார். இரண்டாம் மணியில் அவர் நெற்றி வியர்த்தது, பாட்டுப் புத்தகம் ஏந்திய கை நடுங்கிற்று, எம்மை நோக்கி, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்றார். எம் அத்தை தம் கைப்பையிலிருந்து மிட்டாயொன்றை எடுத்தார். "சர்க்கரை நோயாளிக்கு இனிப்புக் கொடுக்கலாகாது" என்று அவர் கையைத் தடுத்தவர் யாமே!

நற்பேறாகப் பின்வரிசையில் இருந்த செவிலியர் ஒருவர் விரைந்தெழுந்து, "தாழ்சர்க்கரை; கொடுங்கள்" என்றார். குருமனையிலிருந்து மூன்று சிறு கரண்டிச் சர்க்கரை கரைத்த நீர் வந்தது. ஆச்சிக்கு விழுங்கும் நினைவிருந்தமையின் பருகுவித்தனர். நினைவிழந்தார் வாயில் எதனையும் ஊற்றலாகாது; மருத்துவமனைக்கே விரைதல் வேண்டும் என்பதனை அவரிடமே பின்னர்க் கற்றோம். கால்மணி நேரத்தில் ஆச்சி எம் பெயர் சொல்லி அழைத்தார். மாத்திரை தன் வேலையைச் செய்தது, வயிற்றிலோ உணவில்லை. யாம் தடுத்த மிட்டாயே அவ்வேளையின் மருந்து.

அன்றிரவு யாம் அழுதோம். ஆச்சி எம் தலையைத் தடவி, "ஐயா, எனக்குக் காவக்காரன் வேண்டாம், கூட ஒக்காந்து சாப்பிட ஆளு இருந்தாப் போதும்" என்றார்.

அச்சொல் எம் இல்லத்தின் ஒழுங்கை மாற்றிற்று. இப்பொழுது ஆச்சிக்கெனத் தனிச்சமையல் இல்லை. அனைவர் தட்டிலும் பாதி காய்கறியும் கீரையும். எஞ்சியதில் சோறும் பயறும் அளவாக. மாலையில் அரைமணி நேரம் ஆச்சியுடன் நடக்கின்றோம். இரவில் அவர் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியிற் பார்க்கின்றோம். இந்நோயால் நரம்பு மரத்தோர்க்குப் புண் வலிப்பதில்லை, வலியாத புண்ணே காலைக் கவர்வது. மூன்று திங்கட்கு ஒருமுறை செய்யும் 'எச்.பி.ஏ.1.சி.' சோதனை, அத்திங்கள்களின் சராசரி நிலையைக் காட்டிவிடுகின்றது. அவருடைய வேதப்புத்தகப் பையிலே சர்க்கரைப் பொட்டலமொன்று எப்பொழுதும் உண்டு.

இந்நோய் ஒருகாலத்தில் இளஞ்சிறார்க்கு மரணத்தீர்ப்பாகவே இருந்தது. 1921இல் கனடாவின் டொரான்டோ நகரிற் பான்டிங், பெஸ்ட் என்பார் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, 1922 ஜனவரியில் லெனர்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் முதன்முதல் இன்சுலின் பெற்றான். நம் மாகாணத்திலோ, 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு கண்டார். 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரைகளை இல்லந்தோறும் கொணர்கின்றது. எனினும் 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் 10.1 கோடி மக்கட்கு இந்நோய் உளதென மதிப்பிட்டது. மாணவ நண்பர்காள்! அவருள் ஒருவர் நும் இல்லத்தும் இருத்தல் கூடும். இது குடிவழியும் தொடர்வதாகலின் நும் குருதியையும் சோதித்தறிமின். உணவுக்குமுன் 100 முதல் 125 வரை காணின் அஃது எச்சரிக்கை.

மறு ஆண்டுப் பெரிய வெள்ளிக்கு ஒருவாரம் முன்னரே ஆச்சியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். உபவாசம் வேண்டாவென்றார் அவர். அன்று காலை ஆச்சி பயற்றங்கஞ்சி குடித்து, மாத்திரை உண்டு, மூன்று மணியும் எம் அருகிலேயே அமர்ந்திருந்தார். அக்கஞ்சியில் யாமும் ஒரு கிண்ணம் உண்டோம்.