செஞ்சிக் கல்லும் புதுச்சேரிக் காற்றும்

செஞ்சியில் கடல் கிடையாது. ஆனால் புதுச்சேரிக் கடற்கரையில் செஞ்சி இருக்கிறது. அங்கே காந்தி சிலையைச் சுற்றி நெடுநெடுவென்று நிற்கும் கருங்கல் தூண்கள், பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை. 1750இல் கோட்டையைப் பிடித்து 1761இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுக்கும்வரை ஊர் அவர்கள் வசம்தான். வேங்கடரமணர் கோயில் தூண்கள் என்று சொல்வார்கள். சாமிக்கு நிழல் கொடுத்த கல், இன்று சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் காதலர்களுக்கு முதுகு கொடுக்கிறது. தோளில் சாய்ந்தபடி சுண்டல் தின்கிற ஜோடியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லார் முகமும் கடலைப் பார்த்து இருக்கிறது. கடற்கரைக் காதலுக்கு அதுதான் வசதி.

செஞ்சிப் பிள்ளைகள் காதலிக்க அங்கேதான் போகிறார்கள். சொந்த ஊர்க் கோட்டைக்குள் கால் வைக்க மாட்டார்கள். டிக்கெட் கவுன்ட்டரைத் தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு சித்தப்பா டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிடுவார். கோட்டைக்கு வருகிற ஜோடிகளெல்லாம் திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரத்துக்காரர்கள். ஊருக்கு ஊர் காதலர்களைப் பண்டமாற்று செய்துகொள்கிறோம்.

கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்கு இவர்கள் ஏறுவதில்லை. எண்ணூறு அடி, சித்திரை வெயில்; பாதியிலேயே சண்டை வந்துவிடும். கீழே கல்யாண மஹால், களஞ்சியம், குதிரை லாயம் இவற்றோடு சரி. பைக்கின் பின்னால் வரும் பெண் முகம் முழுக்கத் துப்பட்டா சுற்றியிருப்பாள், கண் மட்டும் தெரியும். தூசிக்காக என்று பெயர். தூசியே இல்லாத மண்டபத்து மூலையில் உட்கார்ந்த பிறகும் அதை அவிழ்ப்பதில்லை. இவர்களைக் காட்டிக்கொடுப்பது குரங்குகள்தான். ஒருநாள் ஒரு பையன் ஆசையாக வாங்கிவந்த கேக் டப்பாவைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. அவன் கத்திக்கொண்டே வெட்டவெளிக்கு ஓடிவந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகள் கைதட்டின. அந்தப் பெண் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

சுவரில் பெயர் கிறுக்குகிறவர்களிடம் மட்டும் எனக்கு இரக்கம் கிடையாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை இது. ஆனாலும் சுண்ணாம்புக் காரையைச் சாவியால் கீறி அம்பு துளைத்த இதயம் வரைகிறார்கள். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத பெயரைக் கோட்டைச் சுவரில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

காதல் கதை இல்லாத ஊரல்ல இது. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்தபோது வயது இருபத்திரண்டு என்பார்கள். இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். செட்டிகுளக் கரையில் அந்த மேடையைக் காட்டுவார்கள். ராணிப்பேட்டை அவள் நினைவாகப் பிறந்த ஊர் என்பது வழிவழியாக வரும் பேச்சு. தன் கல்யாணத்தையே விட்டுவிட்டு நண்பன் தேசிங்கோடு போருக்குப் போன மகபத்கானையும் கதைப்பாட்டு விடவில்லை. எனக்கு அவன்தான் பிடித்தமான ஆள். ராணியின் கதையைக் கேட்டு நம் பெரியவர்கள் கண்கலங்குவார்கள். நெருப்பில் விழுந்த காதலுக்கு ஊரே மரியாதை செய்கிறது. உயிரோடு உட்கார்ந்து ஒரே பாட்டிலில் மோர் குடிக்கிற காதலைக் கண்டால் வாட்ச்மேன் விசில் ஊதுகிறார்.

இந்த ஒளிவுமறைவை வெட்கம் என்று நினைத்தால் தப்பு. வட மாவட்டங்களில் காதலர்கள் பயப்படுவது சாதிக்கு. 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டித் தருமபுரி பக்கம் நத்தம் காலனியை எரித்தார்கள். வயது வந்த இருவர் சேர்ந்து வாழக் குடும்பமோ ஊரோ சம்மதிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் துப்பட்டா அவிழவில்லை.

அமாவாசைக்கு மட்டும் கொஞ்சம் விடுதலை. "மேல்மலையனூர் போறேம்மா" என்றால் எந்த அம்மாவும் தடுக்க மாட்டாள். அங்கே இருக்கும் அங்காளம்மன் பெயரைச் சொல்லிப் புறப்பட்டு, எதிர்த்திசையில் திண்டிவனம் பஸ் ஏறிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேரோ, அம்மனுக்குத்தான் கணக்குத் தெரியும்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு ஜோடியைத் திண்டிவனத்தில் பார்த்தேன். புதுச்சேரி பஸ்ஸிலிருந்து ஒன்றாக இறங்கியவர்கள், செஞ்சி பஸ்ஸில் ஏறியதும் அவள் முன்னால், அவன் கடைசி சீட்டில். கண்டக்டர் அவனிடம் வந்து, "ரெண்டு செஞ்சியாப்பா?" என்றார்.

"ஒண்ணுதாண்ணே."

"அப்போ அதுகிட்ட நான் தனியா வாங்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.