கம்பிக்கும் களைப்புண்டு

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)



‘மன அழுத்தம்’ என்ற சொல் நம் கல்லூரி மரத்தடியில் நாள்தோறும் அடிபடுகிறது. தேர்வு அட்டவணை ஒட்டப்பட்ட நாளில் அதனைச் சொல்லாத வாயே இல்லை எனலாம். இயற்பியல் மாணவர்களாகிய எங்களுக்கு இச்சொல்லோடு ஒரு சிறு வழக்கு உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதை நாங்கள் பள்ளியில் ‘தகைவு’ என்று படித்தோம். அதனால் பொருளில் ஏற்படும் மாற்றத்தைத் ‘திரிபு’ என்றோம். கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் தகைவு. கம்பி நீண்டால் திரிபு. எடையை எடுத்ததும் கம்பி பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டால் முழுதாகத் திரும்பாது.

இக்கருத்தை உடலியலில் வேரூன்றச் செய்தவர் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர். குளிர், காயம், மிகையான உழைப்பு, நச்சு என எதைக் கொடுத்தாலும் எலிகளின் உடல் ஏறத்தாழ ஒரே வகையில் துன்புறுகிறது என்று 1936-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஸ்ட்ரெஸ் என்ற பெயரைப் பின்னர்தான் அதற்குச் சூட்டினார். எலிக்கே அப்படியென்றால், காலை 6 மணிக்குக் குடத்தோடு தண்ணீருக்கு நின்று, 8 மணிப் பேருந்தில் தொங்கி, 10 மணிக்கு வெக்டர் கால்குலஸ் கேட்கும் நம் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். நானும் அப்படித்தான். குமாரபாளையத்தில் என் தந்தையார் விசைத்தறி ஓட்டுகிறார். 12 மணி நேர ஷிப்டு. ஒரே ஆள் 6 தறி. அம்மா தார் சுற்றுகிறார். அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: “நீ படிச்சா போதும் சாமி.” கேட்பதற்கு எளிய சொல். ஆனால் இரவு 11 மணிக்கு ரெகார்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருப்பவன் காதில் அதுவே 10 கிலோ எடையாக விழும். தமிழ்வழியில் படித்து வந்தவனுக்கு ஆங்கிலப் பாடநூல் ஒரு பளு. துணைப்பாடக் கணிதம் ஒரு பளு. அம்மா குழுவில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை கட்டும் நாள் இன்னொரு பளு. “எப்பத் தம்பி வேலைக்குப் போவ?” என்று விசாரிக்கும் உறவினரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இங்கு வேண்டாம்.

இத்தனையையும் விடக் கனமானது வேறொன்று உண்டு. அது வெளியிலிருந்து வருவதன்று. “உனக்கு எதற்குப் படிப்பு? உன்னால் ஆகுமா?” என்று நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் வசவுதான் அது. மூன்றாம் பருவத் தேர்வுக்கு 12 நாட்கள் இருந்தபோது, மாற்றுச் சான்றிதழ் கேட்டு முதல்வர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, ரெகார்டு நோட்டின் அட்டைக்குள் செருகி வைத்திருந்தேன். தேதி மட்டும் போடவில்லை. அந்நாட்களில் படுத்தால் உறக்கமில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நிற்பதில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அந்த வாரத்தில் ஓர் இரவு, தந்தையார் சாப்பிடப் போன அரை மணி நேரம் நான் தறி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தறிகள் பழைய வகை. ஊடை நூல் தீர்ந்தால் தறி தானாக நின்றுவிடும். பாவு இழை அறுந்தால் நிற்காது; ஆள்தான் கண்டு நிறுத்த வேண்டும். கவனிக்காமல் விட்டால் கெடுதல் நீண்டுகொண்டே போய்த் துணியில் கோடு விழும். அன்று ஒரே தறியில் மூன்று முறை இழை அறுந்தது. மூன்றாம் முறை நான் இழையை வைது தீர்த்துக்கொண்டிருந்தபோது தந்தையார் வந்துவிட்டார். தறியை நிறுத்தினார், எச்சில் தொட்டு இழையை முறுக்கி முடி போட்டார். “இழையத் திட்டி என்ன கண்ணு ஆவப்போவுது? பாவு ரொம்ப இறுக்கமா இருக்குது பாரு” என்று சொல்லிக்கொண்டே இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அடுத்த தறிக்குப் போய்விட்டார். அவர் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவர் சொன்னது தறியைப் பற்றித்தான்.

அடுத்த நாள் ஆய்வகத்தில் முறுக்கு ஊசல். இச்சோதனையைச் செய்தவர்கள் அறிவார்கள்: கம்பியில் வட்டத்தட்டைத் தொங்கவிட்டு, சிறிது முறுக்கி விட்டு, 10 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அளவெடுத்து முடித்த வேளையில் எங்கள் பேராசிரியர் பாடத்திட்டத்துக்குச் சற்று வெளியே போய் ஒரு செய்தி சொன்னார். கெல்வின் பிரபு என்று நாம் அறியும் வில்லியம் தாம்சன், 1865-ஆம் ஆண்டு உலோகங்களின் மீட்சித்தன்மை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே வகையான இரு கம்பிகளில் ஒன்றை நாள்தோறும் விடாமல் அலையவிட்டார். மற்றதைச் சோதனை நேரம் தவிரச் சும்மா இருக்கவிட்டார். ஓய்வில்லாத கம்பியின் அலைவு விரைவாக அடங்கிப்போயிற்று. இதனை ‘மீட்சிச் சோர்வு’ எனலாம். அத்தகைய கம்பியைச் சிறிது காலம் அலைக்காமல் விட்டுவைத்தால் தன் பழைய தன்மையைத் திரும்பப் பெறும்.

உயிரில்லாத உலோகத்துக்கே களைப்பு உண்டு, ஓய்வும் உண்டு! அதைச் சோம்பேறிக் கம்பி என்று கெல்வின் எழுதவில்லை. (உவமையை இதற்கு மேல் இழுத்தால் அதுவும் மீட்சி எல்லையைத் தாண்டிவிடும், நிறுத்திக்கொள்கிறேன்.)

அதன் பிறகு நான் செய்துவருவது மிக எளிய காரியம். ஒரு பழைய தறிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், நெஞ்சு படபடக்கும் இரவுகளில், எனக்கு நானே 5 வரி எழுதுகிறேன். எப்படி எழுதுவது? என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கணிதத்தில் 2 தாள் அரியர் விழுந்தது. அவனிடம் நான் என்ன சொன்னேன்? “டேய், சாப்பிட்டியா? முதல்ல சாப்பிடு. ஏப்ரல்ல எழுதிக்கலாம். நான் நோட்ஸ் தர்றேன்” என்றேன். “உனக்கு எதற்குப் படிப்பு?” என்று அவனிடம் கேட்க எனக்கு நா எழுமா? அவனுக்குச் சொன்ன அதே சொற்களை என் பெயர் போட்டு எனக்கே எழுதுகிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

இதற்கு உளவியலில் பெயர் உண்டென்று நூலகத்தில் தேடியபோது தெரிந்தது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் ‘தன்பரிவு’ பற்றி எழுதி அதற்கு மூன்று கூறுகளைக் காட்டினார்: தன்னிடம் கனிவாயிருத்தல், துன்பம் தனக்கு மட்டுமன்று, மனிதர் எல்லோர்க்கும் உள்ளது என உணர்தல், மனத்தில் எழுவதை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் கவனித்தல். இவற்றுள் இரண்டாவதுதான் நம்மைப் போன்றோர்க்குக் கடினம் என்பது என் கருத்து. நான் மட்டுமே திணறுகிறேன், மற்ற 47 பேரும் தெளிவாக இருக்கிறார்கள் என்றே வகுப்பில் ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த 47 பேரும் இதே எண்ணத்தோடுதான் அமர்ந்திருக்கிறார்கள் போலும்!

தன்னிடம் கனிவு காட்டினால் சோம்பல் வந்துவிடாதா என்று நண்பர்கள் கேட்டனர். தந்தையார் பாவைத் தளர்த்திய இரவு தறி நிற்கவில்லை, ஓடியது. நானும் மூன்றாம் பருவத் தேர்வை எழுதினேன். மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறக்கம் வந்தது, விண்ணப்பத்தில் தேதி எழுதப்படவில்லை. வாரத் தவணை இன்னும் வாரந்தோறும் வருகிறது. நோட்டில் எழுதுவது கடனை அடைக்காது. அதற்கு உதவித்தொகையும் நியாயமான கூலியும்தான் வேண்டும்.

எழுதியும் அமைதியாக இருந்தும் தணியாத துயரம் சிலர்க்கு உண்டு. அவர்கள் தனியே பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். விடுதி அறிவிப்புப் பலகையில் இந்த எண்ணை எழுதி வைத்தால் நல்லது. சுண்ணக்கட்டி நான் தருகிறேன்.

ஞாயிறு காலை 6 மணி முதல் 7 மணி வரை நான் காவிரிப் படித்துறையில் இருப்பேன். எதிர்க்கரையில் பவானி. அந்நேரத்தில் துணி துவைப்போர் சிலர் மட்டுமே வருவர். செல்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன், நீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், வேறொன்றும் செய்வதில்லை. சென்ற மாதம் அந்த அரியர்த் தோழனும் வந்தான். இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான். படிகள் நிறைய இருக்கின்றன, விருப்பமுள்ளோர் வரலாம். 7 மணி வரை பேசக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அதன் பிறகு பாலத்தருகே தேநீர், அவரவர் காசில்.